அறுபத்திரண்டாவது வரிசை

ஹொகாரி யசுயோவைப் பற்றிக் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர், "யாரு, ஜன்னலோரம் உக்காந்திருப்பாங்களே, அவங்களா?" என்பார்கள். மீதிப் பேருக்கு அதுவும் ஞாபகம் இருக்காது. பத்தொன்பது வருடம் ஒரே நாற்காலியில் இருந்து வேலை பார்த்த மனுஷிக்கு நாங்கள் கொடுத்த அடையாளம் அவ்வளவுதான். அதில் பதினோரு வருடம் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவன் நான். பெயர் உசுய். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பல் பிடுங்கப் போகும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அப்படித்தான் இருக்கிறது. அங்கே ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது. வலி இல்லை.

எங்களுடையது சன்ஜோ என்ற ஊரில் சமையலறைச் சாமான் மொத்த வியாபாரம். கரண்டி, கத்தி, வடிகட்டி என்று ஊர் ஊராகச் சின்னக் கடைகளுக்கு அனுப்புகிறோம். இருபது வருடத்துக்கு முன்னால் இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது இது. இரண்டு முதலாளிகளும் சமம் என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். சமம் என்று ஆனபிறகு யாருடைய மென்பொருளைத் தூக்கிப் போடுவது? "உங்களுடையதே இருக்கட்டும்" என்று இவர் சொல்ல, "ஐயோ, உங்களுடையதுதான் சிறந்தது" என்று அவர் சொல்ல, கடைசியில் இரண்டுமே தங்கிவிட்டன. ஆர்டர் வாங்குவதற்கு ஒருவருடையது, கிடங்குக்கு மற்றவருடையது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. அந்த மரியாதைக்கு நடுவில் ஒரு நாற்காலி போட வேண்டி வந்தது. ஹொகாரி-சான் அதில் வந்து உட்கார்ந்தார்.

கடைகளிலிருந்து ஃபேக்ஸ் வரும். அதை ஒரு இயந்திரம் படித்து இடது பக்கத் திரையில் வரிசைகளாகக் காட்டும். ஹொகாரி-சான் அதைப் பார்த்து வலது பக்கத் திரையில் தட்டச்சு செய்வார். ஒரு நாளைக்கு முந்நூறு வரிசைக்குக் குறையாது. மாலை ஐந்து மணிக்கு அன்றைய அறிக்கையை ஒரு தாளில் நிரப்பி என் மேஜையில் வைப்பார். அந்தத் தாளின் அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஊர் அலுவலகங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது மரியாதைக் குறைவு. அதில் உருப்படியாக எதையாவது எழுதுவது அதைவிட மோசம், மேலே இருப்பவருக்கு வேலை வைத்ததாக ஆகிவிடும். அதனால் எல்லாரும் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: 'குறிப்பிட எதுவுமில்லை.' அவரும் தினமும் அதையே எழுதினார். படித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக நானும் தினமும் பக்கத்தில் என் சிவப்பு முத்திரையைக் குத்தினேன்.

விற்பனைப் பிரிவில் ஓத்தகி என்று ஒரு நண்பன் உண்டு. வாய் சும்மா இருக்காது. ஒருநாள் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டே கட்டாக இருந்த தாள்களில் முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டான்.

"ஏம்ப்பா, உன் முத்திரைக்குக் கண்ணு உண்டா?"

"அதுக்கு எதுக்குக் கண்ணு?"

"சரிதான். உனக்கே இல்லாதப்போ அதுக்கு எதுக்கு."

சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது அந்தக் கிண்டல்.

நான் அந்தப் பிரிவுக்கு வந்த முதல் வருடம் ஹொகாரி-சான் ஒருமுறை என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். "உசுய்-சான், சில கடைக்காரங்க எழுதறது அப்படியே எடுத்துக்கற மாதிரி இருக்காதுங்க. எதுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார். எனக்குக் கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது. "ம், ம். உங்களுக்குத் தெரியாததா? பாத்துக்குங்க" என்றேன். தலை குனிந்து போய்விட்டார். நம்பிக்கை வைத்துப் பேசியதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வீட்டுக்காரர் மோரியோ பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி. ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஹொகாரி-சான் ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்த திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அரிசி முறுக்குப் பொட்டலம் இருந்தது. "ஒரு வாரமா எல்லாருக்கும் இடைஞ்சல் குடுத்துட்டேன். மன்னிக்கணும்" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்த நாங்கள் நிம்மதியாக முறுக்கைத் தின்றோம்.

அன்றிலிருந்து மோரியோவைப் பகலில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துக்கொண்டது. மாலை ஐந்து நாற்பதுக்கு அவர்களுடைய வேன் வீட்டு வாசலுக்கு வரும். கதவைத் திறக்க வீட்டு ஆள் இருந்தால்தான் இறக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் இடம் போய்விடும். அதனால் ஹொகாரி-சான் ஐந்து பத்துக்கு எழுந்துவிடுவார். பனி கொட்டுகிற நாளானாலும் சரி, ஆண்டு இறுதி வேலை தலைக்கு மேல் இருந்தாலும் சரி, ஐந்து பத்து. அவருக்கு அறுபது வயதாகி ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்று வருடமும் ஐந்து நாற்பதுக்கு வாசலில் நிற்க முடிய வேண்டும். அவர் வாழ்க்கையிடம் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். வாய்விட்டு அதையும் கேட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் இயக்குநர் மருயாமாவின் கண்ணில் அந்த நாற்காலி பட்டது. இந்தக் காலத்தில் ஒரு திரையைப் பார்த்து இன்னொரு திரையில் தட்ட ஒரு ஆளா? டோக்கியோவிலிருந்து நெசு என்ற ஆலோசகரை வரவழைத்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள். நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் சொல்வேன். வெள்ளைப் பலகையில் மூன்று படம் போட்டார்.

"வழி மூணு இருக்கு. ரெண்டு மென்பொருளையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கலாம். ரெண்டு வருஷம் ஆகும்."

மருயாமா தலையாட்டவில்லை. அந்த வழி அதோடு முடிந்தது.

"ரெண்டாவது, ஒரு ரோபோ. கை கால் எல்லாம் கிடையாதுங்க, அதுவும் மென்பொருள்தான். ஹொகாரி-சான் எங்கெங்க தட்டறாங்களோ அதே மாதிரி தட்டும். முழிச்சா பக்கத்துல ஒரு ஆள் இருந்து சொல்லிக் குடுக்கணும். மூணாவது, திரையெல்லாம் தொடாம உள்ளுக்குள்ளயே ரெண்டுக்கும் நடுவுல ஒரு குழாய் போட்டுடறது. இந்தப் பக்கம் விழுற ஆர்டர் அந்தப் பக்கம் போய் நிக்கும். ஆளே வேண்டாம்."

"எது நல்லது?" என்றார் மருயாமா.

"அது இந்த வேலையைப் பொறுத்ததுங்க. தட்டறவங்க நடுவுல எவ்வளவு யோசிக்கறாங்கன்னு பாக்கணும். 'இது தப்பாச்சே, திருத்தணுமே'ங்கிறது நிறைய இருந்தா ரோபோவும் பக்கத்துல ஒரு ஆளும். ஒண்ணுமே இல்லைன்னா குழாய் போதும்."

எனக்கு ரோபோ வர வேண்டும் என்றிருந்தது. ரோபோ வந்தால் பக்கத்தில் ஹொகாரி-சான் உட்காரலாம். குழாய் வந்தால் நாற்காலி போய்விடும். சன்ஜோவில் வேறு காலி இடம் இல்லை, ஜோயெத்சு கிடங்கில் பொட்டலம் கட்டும் பிரிவுக்குத்தான் மாற்றுவார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஐந்து நாற்பதுக்கு வாசலில் யார் நிற்பது? அலுவலகத்திலும் எல்லாரும் ரோபோதான் வரும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வாக்கெடுப்பு நடத்தி அதற்கு 'மாமே', அதாவது அவரைக்கொட்டை, என்று பெயர் வைத்து, ஊழியர் அட்டை கூடச் செய்துவிட்டார்கள். அட்டையில் படத்துக்குப் பதிலாக ஓத்தகி ஒரு அவரை விதையை ஒட்டியிருந்தான்.

நெசு ஹொகாரி-சானிடம் பேசியபோது நானும் கூட இருந்தேன்.

"இந்த வேலையில ஏதாவது சிரமம் இருக்குங்களா?"

"சிரமம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க."

"தடங்கல்? பிரச்சினை?"

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க."

சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியாது. அவர் நடுநடுவே தொலைபேசியில் யாருடனோ தணிந்த குரலில் பேசுவதைப் பதினோரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். என்ன பேசினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நெசு நன்றி சொல்லிவிட்டு, மூன்று வருடத்து அறிக்கைகளை எடுத்துத் தரச் சொன்னார்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முந்தின நாள் ஹொகாரி-சான் என் மேஜைக்கு வந்தார். "உசுய்-சான், சத்தோமி கடை மாதிரி சில கடைங்க விஷயம்..." என்றார். மறுநாளுக்கான தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். "ம், ம். அப்புறம் பாக்கலாமே" என்றேன். மணி ஐந்து எட்டு. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கூட்டத்தில் நெசு அறிக்கைக் கட்டுகளை மேஜையில் வைத்தார்.

"எழுநூத்தி இருபத்தாறு நாள். எல்லாத்துலயும் 'குறிப்பிட எதுவுமில்லை.' இவ்வளவு சுத்தமான வேலையை நான் பாத்ததே இல்லைங்க. இதுக்கு ரோபோ கூட அதிகம். குழாய் போட்டுடலாம்."

"உசுய், நீ என்ன சொல்றே?" என்றார் மருயாமா.

"அது... அவங்க போன்ல ஏதோ பேசித் திருத்துவாங்கன்னு..."

"எங்கயாவது எழுதியிருக்கா?"

"எழுதலை."

"எல்லாத்துலயும் உன் முத்திரை இருக்கே. படிச்சுட்டுத்தானே போட்டே?"

அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'படிக்கலை.' அதைச் சொல்லியிருந்தால் என் தலை கொஞ்சம் உருண்டிருக்கும், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பேன், ஒரு வருடம் பதவி உயர்வு தள்ளிப்போயிருக்கும். அந்தத் தாள்களை நம்ப முடியாது என்று ஆகியிருக்கும், நாற்காலியும் தப்பியிருக்கும். நான் சொன்னது, "ஆமாங்க, படிச்சேன்." முடிவுத் தாள் ஆறு பேர் கைமாறி வந்தது. என் கட்டத்தில் முத்திரையை நேராக, அழகாகக் குத்தினேன்.

பிப்ரவரியில் குழாய் ஓட ஆரம்பித்தது. ஹொகாரி-சான் கடைசி நாளன்று மேஜையைத் துடைத்துவிட்டு, எல்லார் மேஜையிலும் அதே அரிசி முறுக்கை வைத்தார். "இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க" என்று குனிந்தார். ஐந்து பத்துக்குக் கிளம்பினார். மாமேயின் அட்டை யாருக்கும் தேவைப்படாமல் அவருடைய இழுப்பறைக்குப் போனது.

இப்போது அறிக்கையைக் கணினியே எழுதுகிறது. ஐந்து மணிக்கு அச்சிடும் இயந்திரத்திலிருந்து தாள் வெளியே வரும். நெசுவின் ஆட்கள் பழைய தாளை அப்படியே பார்த்துச் செய்ததால் குறிப்புக் கட்டமும் இருக்கிறது. அதில் அச்சாகியே வருகிறது: 'குறிப்பிட எதுவுமில்லை.' பக்கத்தில் என் முத்திரைக்கு இடம். குத்தினேன்.

இரண்டு மாதம் ஒரு புகாரும் வரவில்லை. மருயாமா என் தோளைத் தட்டினார். ஏப்ரலில் ஓத்தகிக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் அவனுக்குப் பதிலாக நான் கடைகளுக்கு வணக்கம் சொல்லப் போனேன். மூன்றாவது கடை சத்தோமியுடையது. எண்பதைத் தொடும் கிழவர், தனி ஆள், கடையிலேயே குடியிருப்பு. கதவைத் தள்ளினேன், பாதிதான் திறந்தது. உள்ளே எங்கள் பெட்டிகள். நடைபாதையில், மாடிப்படியில், சாப்பாட்டு மேஜைக்கு அடியில், எல்லா இடத்திலும் எங்கள் பெயர் அச்சடித்த பெட்டிகள்.

"சத்தோமி-சான், இதெல்லாம் என்னங்க?"

"கரண்டிங்க. என் தப்புதான். பன்னெண்டுன்னு எழுதினேன். பன்னெண்டு பெட்டி வந்துருச்சு. எழுநூத்தி இருபது கரண்டி."

"பன்னெண்டு கரண்டின்னா எழுதினீங்க?"

"நாப்பது வருஷமா அப்படித்தான் எழுதறேன். பெட்டியா, எண்ணிக்கையான்னு ஒரு கட்டம் இருக்காமே, அதை நான் நிரப்பறதே இல்லையாம். முன்னெல்லாம் அந்த அம்மா போன் பண்ணுவாங்க. 'சத்தோமி-சான், வழக்கம்போலத்தானே?'ன்னு. 'ஆமாம்மா'ம்பேன். அவ்வளவுதான். இப்ப போன் வரலை. உடம்பு சரியில்லையோ என்னவோ, நாம ஏன் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

"திருப்பி அனுப்பியிருக்கலாமே!"

"அனுப்பினா அந்த அம்மாவுக்குத்தானே திட்டு விழும்?"

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? கிழவர் எனக்கு டீ போட்டார். குடிக்க உட்கார இடமில்லாமல் பெட்டிமேல் உட்கார்ந்து குடித்தேன். வண்டியில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஊரில் வாயைத் திறக்காமல் பெட்டிகளுக்கு நடுவே படுத்துத் தூங்குகிற கிழவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மருயாமா கோபப்படவில்லை. "சரி, அந்தம்மா மனசுல இருக்கறதை ஒரு பட்டியலா வாங்கிக்கோ. நெசு அதைக் குழாய்க்குள்ள சேத்துடுவார்" என்றார். ஆளைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கேட்டேன். "பட்டியல் இருந்தா ஆள் எதுக்கு?" என்றார். 

ஜோயெத்சுவுக்குப் போனேன். மதிய இடைவேளை. ஹொகாரி-சான் கிடங்கின் உணவறையில் தனியாக உட்கார்ந்து, கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைவிரல்களில் பெட்டி ஒட்டும் பட்டை உரசிய கோடுகள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. என்னால ஏதாவது இடைஞ்சலா?"

சத்தோமி கடையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "எழுநூத்தி இருபதா?" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் அவர் முகத்தில் ஓடவில்லை.

"ஏன் எழுதலை, ஹொகாரி-சான்? ஒரே ஒரு நாளாவது அந்தக் கட்டத்துல எழுதியிருக்கலாமே."

"நான் சரி பண்ணிட்டப்புறம் எழுத என்னங்க இருக்கு? எழுதினா உங்களுக்கு வேலை. அந்தக் கடைக்காரங்களுக்கு அவமானம்."

"நெசு கேட்டாரே."

"சிரமம் இருக்கான்னு கேட்டாரு. எனக்குச் சிரமம் இல்லைங்களே."

நான் தலை குனிந்தேன். எங்களுக்குச் சுலபமாக வருவது அதுதான். "நான் படிச்சதே இல்லை. தப்பு என்னோடது. மருயாமாகிட்ட உண்மையைச் சொல்லி உங்களைச் சன்ஜோவுக்கே கூப்பிடச் சொல்றேன். அஞ்சே நாப்பதுக்கு நீங்க வீட்டுல இருக்கணுமே."

ஹொகாரி-சான் சோற்று உருண்டையின் உறையை நான்காக மடித்தார்.

"வேன் இப்ப வர்றதில்லைங்க. மார்ச்லயே அவரை முழுநேர இல்லத்துல சேத்துட்டேன். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கறேன். சாயங்காலமானா கதவைப் பாத்துக்கிட்டே இருக்காராம், அங்க இருக்கிற பொண்ணு சொல்லுச்சு. பேச முடியாதில்லையா, அதனால என்னன்னு தெரியலை."

"ஹொகாரி-சான்..."

"இனிமே நான் எங்க இருந்தாலும் ஒண்ணுதாங்க. பட்டியலை நாளைக்கு அனுப்பறேன்."

மணி அடித்தது. அவர் எழுந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அவர் முகத்தில் இல்லாதது எதுவோ, அது என்னிடமும் இல்லை என்று அப்போது தெரிந்தது. பரிதாபப்பட வேண்டிய இடம் என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

சொன்னபடி மறுநாளே மின்னஞ்சலில் பட்டியல் வந்தது. அறுபத்திரண்டு வரிசை. இடது பக்கம் கடைப் பெயர், வலது பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பது. கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது. வந்ததை அப்படியே நெசுவுக்குத் தள்ளிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நெசுவிடமிருந்து பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். அறுபத்தொரு வரிசைகளையும் குழாயில் சேர்த்தாகிவிட்டது, சோதனையும் முடிந்தது. கடைசி வரிசை மட்டும் எந்தக் கடையைப் பற்றியதும் இல்லை போலிருக்கிறது, விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அப்போதுதான் பட்டியலைத் திறந்தேன். ஒன்று, சத்தோமி கடை: அளவுக் கட்டம் காலியாக இருந்தால் எண்ணிக்கை என்று எடுக்கவும், பத்துக்கு மேல் என்றால் போன் செய்து கேட்கவும். இரண்டு, ஹொன்மா கடை: சந்தேகத்தில் ஒரே ஃபேக்ஸை இரண்டு தடவை அனுப்புவார், ஒன்றை நீக்கவும். மூன்று, உமெஸாவா கடை: பழைய எண்ணை எழுதுவார், அவருடைய மனைவி எழுதினால் சரியாக இருக்கும். இப்படியே போனது. எல்லாம் ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி வாக்கியம். இறங்கிக்கொண்டே போய்க் கடைசிக்கு வந்தேன்.

அறுபத்திரண்டு, உசுய்-சான்: படிக்காமல் முத்திரை போடுவார். முக்கியமானதை வாயால் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொன்னேன்.

அச்சிடும் இயந்திரத்திலிருந்து அன்றைய அறிக்கை வெளியே வந்தது. மணி ஐந்து. நெசுவின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.  பிறகு, 'குறிப்பிட எதுவுமில்லை' என்று எழுதி அனுப்பினேன்.